தும்மலில் நின்ற கலவை

ஒரே தும்மலில் மூன்று கட்டடங்களையும் ஒரு ராக்கெட்டையும் காப்பாற்றிய வெர்ல் நான்தான். அந்தத் தும்மலின் வேகத்தில் கிரேட் சால்ட் ஏரி ஒரு மைல் பின்வாங்கியது. இன்னும் திரும்பி வரவில்லை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஏரிக்கு வடக்கே இருந்தது எங்கள் ராக்கெட் எரிபொருள் ஆலை. அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியத் தூள், ரப்பர் கூழ் மூன்றையும் குதிரையே குளிக்கும் அளவுள்ள கொப்பரையில் இயந்திரம் பிசையும். அந்தக் கட்டடத்துக்குள் ஆள் இருக்கக் கூடாது. தொலைவில், மண்மேட்டுக்குள் புதைத்த அறையில் உட்கார்ந்து, டி.வி.யில் அந்த இயந்திரத்தைப் பார்த்தபடி ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் இயந்திரம் நின்றுவிடும்.

செப்டம்பர் மாதம், காற்றெல்லாம் புதர்ப் பூக்களின் தூள். தும்மினேன். விரல் எகிறியது. இயந்திரம் நின்றது.

மேற்பார்வையாளர் ஆர்லின் ஜென்சன் பாய்ந்து வந்தார். இன்னொரு கலவை வீணானால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"அமுக்குய்யா, வெர்ல்! கொப்பரையிலயே இறுகிடப் போவுது!"

"இருங்க பிரதர். அந்த பிளேடைப் பாருங்க. சுத்தும்போது தெரியல. அதோட மூடியில நாலு போல்ட் இருக்கணும், மூணுதான் இருக்கு."

"அது நிழலு. போன வாரம் ஏரியில திமிங்கலம் பாத்தவன்தானே நீ?"

"ரெண்டு திமிங்கலம். ஆனா இது நெசம்."

"அமுக்கலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"வரல. நீங்களே அமுக்குங்க."

ஆர்லின் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்தார். அந்த மாவுக்குள் இரும்பும் இரும்பும் உரசினால் கூரை எந்த மாநிலத்தில் போய் விழும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். வைத்த விரல் அமுக்காமல் அப்படியே இருந்தது. வெளியே ஒரு மலை தேய்ந்து மணலாகும் அளவுக்கு நேரம் போனது. பிறகு விரலை எடுத்துவிட்டு, கொப்பரையைக் கீழே இறக்கும் விசையைத் திருப்பினார்.

பிளேடு மெல்ல வெளியே வந்தது. சாம்பல் நிற மாவில், கேக்கில் திராட்சை போல, நாலாவது போல்ட் ஒட்டிக்கொண்டிருந்தது.

தொலைபேசி அடித்தது. மேலாளர். கலவையை வீணாக்கியது யார் என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. ஆர்லின் என்னை ஒருமுறை பார்த்தார், டி.வி.யை ஒருமுறை பார்த்தார்.

"வீணாக்கல சார், காப்பாத்தியிருக்கான். வெர்ல்தான். தும்மினான், மெஷின் நின்னுடுச்சு... ஆமா சார், தும்மல். அவன் வாயால சொல்லியிருந்தா நானும் நம்பியிருக்க மாட்டேன். பக்கத்துலயே நின்னு பாத்தேன். நடந்தது."