க்ளேர் எடுத்த ஃபோன்

நஜ்வா வேதியியலில் பட்டம் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. அரபும் பிரெஞ்சும் புழங்கும் ஸ்ஃபாக்ஸ் ஊரில் பட்டத்துக்கா பஞ்சம், வேலைக்குத்தான். வேறு வழியில்லாமல் கால் சென்டரில் உட்கார்ந்து, "வணக்கம், க்ளேர் பேசுறேன்" என்று பிரெஞ்சில் குழைந்துகொண்டிருந்தாள். நஜ்வா என்று சொன்னால் பாரீஸ்காரர்கள் பட்டென்று வைத்துவிடுவார்களாம். கம்பெனி சூட்டிய பெயர் அது. நல்ல கூத்துதான்.

இப்போது ஆலிவ் எண்ணெய்ப் பரிசோதனைக் கூடம் ஒன்று அவளைத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தது. காலை பத்து மணிக்கு, ஃபோனிலேயே நேர்காணல். படித்த படிப்புக்கு வந்த முதல் வாய்ப்பு என்பதால் இரண்டு நாளாக அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

அக்கா ராவுதா மிளகாய் அரைத்த கையோடு அடுப்படியிலிருந்து ஃபோன் போட்டுப் போட்டுப் பழக்கினாள். முதல் மூன்று தடவையும் எடுத்தது க்ளேர்தான்.

"அடியே, அந்த வெள்ளைக்காரிய முதல்ல வீட்ட விட்டுத் துரத்து" என்றாள் அக்கா. அதற்கப்புறம் ஆறு தடவை நஜ்வா சரியாகவே பேசினாள்.

பத்து மணிக்கு நிஜ ஃபோன் அடித்தது. பாழாய்ப்போன பழக்கம் விடுமா?

"வணக்கம், க்ளேர் பேசுறேன்."

மறுமுனையில் ஒருவர் தயங்கி, வேலைக்கு விண்ணப்பித்த பெண் இல்லையா என்று பிரெஞ்சில் கேட்டார். நஜ்வா க்ளேராகவே, ஒரு நிமிஷம், இதோ கூப்பிடுகிறேன் என்று தேன் ஒழுகச் சொல்லிவிட்டு ஃபோனைப் பொத்திக்கொண்டாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு நஜ்வா பேசினாள். நாக்கு குழறியது. மனப்பாடம் செய்ததெல்லாம் பாதியில் நின்றது. எண்ணெயின் சிக்கு வாடையைப் பற்றி அவர் கேட்டபோது மட்டும் தன்னை மறந்து ஐந்து நிமிஷம் விளக்கினாள். அவர் குறுக்கே பேசவேயில்லை.

கடைசியில் அவர் கேட்டார். "முதல்ல ஃபோன் எடுத்தாங்களே, க்ளேர். என்னமா பேசுறாங்க. எங்க வரவேற்புல ஒரு ஆள் வேணும். அவங்க வருவாங்களா?"

மூன்று வருஷம் சோறு போட்டவள்தான் அந்த க்ளேர். வருவாள் என்று சொன்னால் நாளைக்கே ஒரு வேலை நிச்சயம். நஜ்வாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"இல்ல சார். அவளுக்குப் பேச மட்டும்தான் தெரியும். எண்ணெய் எனக்குத்தான் தெரியும்."



"அப்போ வியாழக்கிழமை நீங்க மட்டும் வாங்க, நஜ்வா" என்றார்.

அந்தப் பெயரைப் பிரெஞ்சில் ஒருவர் சொல்லி அவள் கேட்டு மூன்று வருஷமாகியிருந்தது.