வெட்டிச் சங்கத்தின் இரண்டு மணி வகுப்பு

வேலை போன முதல் மாதத்தை டைம்கீப்பர் தூங்கியே கழித்தார். இரண்டாம் மாதம் வீட்டிலிருந்த கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். குக்கருக்கு வாஷர் மாற்றினார். நன்றாக இருந்த குழாயைக் கழற்றிப் போட்டு அடுக்களையைக் குளமாக்கினார். அதற்கு மேல் அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். காலைல எங்கயாவது போயிட்டு சாயங்காலமா வாங்க. காசு செலவாகாத இடமா இருக்கட்டும்."

அவள் ஒரு கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். இவருக்கு வேலை போனதிலிருந்து இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறாள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போது கால் வீங்கியிருக்கும். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பதுதான் டைம்கீப்பருக்கு அன்றாடம் பெரிய வேலை. எந்தப் பேருந்து எப்போது கிளம்பணும், எதில் எந்த ஓட்டுநர் ஏறணும் என்று பதினாறு வருஷம் ஒரு டிப்போவையே ஆட்டிவைத்த மனுஷர். டிப்போவை மூடிவிட்டார்கள். பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

காசு செலவாகாத இடம் என்றால் நூலகம். அங்கே போனால், செய்தித்தாளின் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பத்துப் பேர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரி அலங்கோலத்தைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். பழைய பேருந்துச் சீட்டுகளின் பின்னால் நம்பர் எழுதி, ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று வரிசை வைத்தார். ஒரு வாரத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் நாள்காட்டித் தாளைத் திருப்பிப்போட்டுக் கோடு கிழித்து, ஒரு கால அட்டவணையே தயாராகிவிட்டது. பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் கடையில் இருந்தவர் கம்ப்யூட்டர் சொல்லித் தருவார். பதினொன்றுக்கு நூற்பாலையில் மேற்பார்வை பார்த்த அம்மா தையல் சொல்லித் தருவாள். பன்னிரண்டுக்குப் பின்பக்கத் தாழ்வாரத்தில், கடையை இழந்த சலூன்காரர் ஓசியில் முடிவெட்டுவார். இரண்டு மணிக்கு இன்டர்வியூ பயிற்சி, அது டைம்கீப்பருடையது. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு முதலாளி மாதிரி உட்கார்ந்து கேள்வியாகக் கேட்டுக் குடைவார்.

"வேலைவெட்டி இல்லாத மனுஷனுக்கு மூச்சு விட நேரமில்லயாம்," என்று மனைவி சிரித்தாள். வெட்டிச் சங்கம் என்று பெயர் வைத்ததும் அவள்தான். அன்றைக்கு அவர் இரண்டு கை சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஏழாவது மாதம் அவருக்கு நேர்காணலுக்கு வரச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. தனியார் பேருந்துக் கம்பெனி ஒன்றில் ஓட்டுநர்களுக்கு முறை போடும் வேலை. அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி. மனைவி கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். "இது மட்டும் கிடைச்சா நான் ராத்திரி ஷிஃப்டை விட்டுருவேங்க," என்றாள். ஏழு மாதத்தில் அவள் வாயைத் திறந்து கேட்டது அந்த ஒன்றுதான்.

மறுநாள் இரண்டு மணி வகுப்புக்கு, தையல் சொல்லித்தரும் மில்லுக்காரம்மா முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். பதினொரு மாதமாக வேலை இல்லாதவள், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்களை ஒற்றை ஆளாக வளர்ப்பவள். பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"அண்ணா, எனக்கு வந்துருச்சு. நீங்கதான் என்னைத் தேத்தி விடணும்."

அதே கம்பெனி, அதே தேதி, அதே ஒற்றை இடம். எனக்கும் வந்திருக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். கடிதத்தை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் சொல்லிக்கொடுத்தார். நான்கு நாள், வஞ்சகமில்லாமல். கையைப் பிசையாதீங்க, கேள்வி முடியறதுக்கு முன்னாடி பதில் சொல்லாதீங்க, மில்லுல ஆள் வராதப்ப என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க என்று எல்லாவற்றையும் சொன்னார். ஒரே ஒரு கேள்வியைத் தவிர. முறை போடும் வேலைக்கு யார் வந்தாலும் டிப்போக்களில் அதைக் கேட்பார்கள், இவரே பல பேரைக் கேட்டிருக்கிறார். முதல் வண்டிக்கு ஓட்டுநர் வரவில்லை, முந்தின நாள் கடைசி வண்டி ஓட்டியவர்தான் பக்கத்தில் இருக்கிறார், என்ன செய்வாய்? புதிதாக வருகிற எல்லாரும் அவரை எழுப்பிக் கூட்டிவருவேன் என்பார்கள். தூங்காதவன் கையில் வண்டியைக் கொடுக்கக் கூடாது, வண்டி நின்றாலும் பரவாயில்லை என்பதுதான் பதில். ஒவ்வொரு நாளும் அது தொண்டை வரைக்கும் வந்தது. ஒவ்வொரு நாளும் மனைவியின் வீங்கிய காலை நினைத்து விழுங்கினார்.

நேர்காணலன்று மாடி நடையில் இவரைப் பார்த்ததும் மில்லுக்காரம்மா ஒரு நொடி திகைத்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"நீங்களுமா? நல்லவேளை. தெரிஞ்ச முகம் ஒண்ணு இருக்கேன்னு இப்பத்தான் பயம் விட்டுச்சு."

அவளை முதலில் கூப்பிட்டார்கள். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவள், நேராகப் போய்விடாமல் இவர் பக்கத்தில் வந்து குனிந்தாள். உள்ளே கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் கிசுகிசுவென்று ஒப்பித்தாள். "ஒரு கேள்விலதான் கோட்டை விட்டுட்டேண்ணா. முதல் வண்டிக்கு டிரைவர் வரலேன்னா என்னன்னாங்க. ராத்திரி ஓட்டினவரை எழுப்புவேன்னு சொன்னேன், மேனேஜர் மூஞ்சியே மாறிடுச்சு. அது தப்பு போல. நீங்க வேற மாதிரி யோசிச்சுச் சொல்லுங்க."

டைம்கீப்பர் எழுந்து உள்ளே போனார். கேள்வி வந்தது, பதினாறு வருஷத்துப் பழக்கத்தில் பதிலும் வந்தது. மேலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "திங்கக்கிழமை வந்துருங்க," என்றார்.

வெளியே அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். என்ன ஆச்சு என்று தெரிந்துகொண்டு போகலாம் என்று நின்றிருக்கிறாள்.

"திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்கம்மா," என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் கதை சுபம். அவரால் முடியவில்லை. "அந்த டிரைவர் கேள்வி எனக்கு முன்னாடியே தெரியும். வேணும்னுதான் உங்களுக்குச் சொல்லல."

அவள் திட்டட்டும் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கண் நிறைந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"உங்க இடத்துல இருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டேனோ என்னமோ," என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "இல்லண்ணா. நான் இப்ப உங்களுக்குச் சொன்னேனே."

அவருக்குத் தலை நிமிரவில்லை. அவள் இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள்.

"இனிமே ரெண்டு மணிக்கு யாரு சொல்லித்தருவா?"

"ஞாயித்துக்கிழமை நான் வரேம்மா."

"ஞாயித்துக்கிழமை லைப்ரரி லீவு."

"எங்க வீட்டுக்கு வாங்க. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. முறை போடற வேலைக்கு என்னென்ன கேப்பாங்களோ, இந்தத் தடவை ஒண்ணு விடாம சொல்லித்தரேன்."

"பார்க்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக இறங்கினாள். டைம்கீப்பர் மேல்படியிலேயே நின்றார். ஏழு மாதமாக வீடு காத்திருந்த நல்ல செய்தி அவர் கையில் இருந்தது. அதை எங்கிருந்து தொடங்கி மனைவியிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.