ஜன்னல் சாத்தும் சத்தம்

“அப்பா, உங்க பாட்டு மட்டும் ஏம்ப்பா பக்கத்து வீட்ல பாடற மாதிரி இருக்கு?”

காரில் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே தன் படைப்பு ஒன்றைச் செருகிவிட்டு, பாராட்டுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தவரிடம் மகள் கேட்டாள். மனைவி சிரிப்பை அடக்க வெளியே பார்த்தாள்.

அவர் வங்கிக் காசாளர். படுக்கையறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே கம்பளியைத் தொங்கவிட்டுப் பாட்டு பதிவுசெய்வதும், கணினியில் மிக்சிங் செய்வதும் அவருடைய பித்து. குடும்பத்தில் அவர் பெயரே டெசிபல்.

மகளின் கேள்விக்கு மருந்தாக மாஸ்டரிங் மென்பொருள் ஒன்றை வாங்கினார்.

“மிக்சிங்ங்கிறது சட்டை தைக்கற மாதிரி. மாஸ்டரிங், அதுக்கு இஸ்திரி போடற மாதிரி,” என்று மனைவிக்கு விளக்கினார்.

“காலர் வைக்கவே நீங்க ஆறு மாசம் எடுப்பீங்களே!”

முதல் இஸ்திரி, முன்பே பதிவுசெய்து வைத்திருந்த அக்காவின் பிரார்த்தனைப் பாட்டுக்கு. அக்கா நர்ஸ். தன் பாட்டைக் கேட்டபடி நோயாளிகள் கண்விழிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அன்று மாலைக்குள் பாட்டைக் கொடுத்தால் கேட்டுப் பார்ப்பதாகவும், சுமாராக இருந்தால் காலையில் எழுப்பும் பழைய மணியோசையே தொடரும் என்றும் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே அக்காவே நேரில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

டெசிபல் அவசரத்தில் சத்த அளவைக் கடைசிவரை தள்ளிவிட்டு, பாட்டு தொடங்கும் இடத்திலிருந்து ஓடவிட்டார். அந்த மென்பொருளுக்குப் பாரபட்சம் தெரியாது. குரலோடு சேர்த்து, மூலையில் ஒடுங்கிக் கிடந்த ஒலிகளையும் தோளில் தூக்கி வந்தது. அக்கா மூச்சிழுத்தது சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல் இருந்தது. முதல் சரணம் முடிந்து, உருக்கமான இடைவெளி. அதில் மனைவியின் குரல், பதிவின்போது தொலைபேசியில் யாரிடமோ பேசியது:

“அண்ணி பாடிட்டிருக்காங்க. எப்ப முடியுமோ, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.”

மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“அண்ணி... அது வந்து...”

“இருக்கட்டும்டி. நான் கடவுளைக் கூப்பிட்டேன், நீ சாட்சி சொல்லியிருக்கே,” என்றாள் அக்கா. சொல்லி முடிக்குமுன் அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “டேய் டெசிபல், இதை மட்டும் எடுத்துடுடா. நோயாளிங்க பயந்துடுவாங்க.”

பெண்கள் இருவரும் சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனார்கள். கறையைப் போக்காமல் இஸ்திரி போட்டால் கறைதான் பளிச்சென்று தெரியும் என்று அவருக்கு அப்போது புரிந்தது. மிக்சிங்குக்கே திரும்பிப் போய், மனைவியின் குரலை நீக்கி, மூச்சையும் தணித்தார். பிறகு பாட்டுக்கு முன்னும் பின்னும் நீண்ட தலையையும் வாலையும் வெட்டுவதற்காகப் பதிவின் தொடக்கத்தையும் முடிவையும் கேட்டார்.

பதிவுப் பொத்தானைத் தட்டிவிட்டு ஜன்னலைச் சாத்துவது அவர் வழக்கம். பதிவில் முதலில் கீழ்வீட்டுத் தையல் மிஷின் கடகடத்தது. ஜன்னல் ‘தடால்’ என்றது. இரண்டு தையல் ஓடி, மிஷின் நின்றது. பாட்டு முடிந்து ஜன்னல் திறந்ததும் மறுபடி ஓடியது.

தற்செயல் என்று நினைத்துப் பழைய பதிவுகளையும் மென்பொருளில் போட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் தடால், பிறகு நிசப்தம். ‘என் கம்பளியைத் தாண்டி ஈ சத்தம்கூட வராது’ என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாரே! கம்பளி என்ன செய்தது? கீழ்வீட்டுத் தையல்காரர் பாதித் தையலில் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். ஆண்டவனிடம் அமைதி கேட்டுப் பாடிய பாட்டுக்கு அந்த அமைதி கீழிருந்தே வந்திருக்கிறது.

சத்தத்தை அளவாக வைத்துப் பாட்டை அனுப்பினார். பெரிய டாக்டர் இரண்டு முறை கேட்டாராம். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் மணி அடிக்கவில்லை, அக்கா பாடினாள்.

“இப்ப நம்ம வீட்லயே பாடற மாதிரி இருக்குப்பா,” என்றாள் மகள்.

அடுத்த விடுமுறை நாள். மதியம் வீட்டில் யாருமில்லை. கீழே மிஷின் ஓய்ந்தது. தையல்காரர் கண்ணயரும் வேளை. பெரிய ஸ்பீக்கர்களை அலறவிட்டு டெசிபல் மிக்சிங் செய்யும் வேளையும் அதுதான். கை ஸ்பீக்கர் பொத்தான்வரை போனது. கையை எடுத்துக்கொண்டார். கொக்கியைப் பிடித்து, சத்தமே எழாமல் ஜன்னலைச் சாத்தினார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கால் தாளம் போடத் துடித்தது. வீட்டுச் செருப்பைக் கழற்றிவைத்து, காலைக் கட்டில்மேல் தூக்கிக்கொண்டார்.

கீழே மிஷின் மறுபடி கடகடக்கத் தொடங்கிய பிறகுதான் ஜன்னலைத் திறந்தார்.