பரிசலில் ஏறிய விளக்கு

"பீடியை அணைங்கண்ணா."

"காத்துதான் அந்தப் பக்கம் போகுதே?"

"எந்தப் பக்கம் போனாலும் அணைங்க. இது கேஸ் டப்பா."

ஜடையன் தங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பரிசலில் உட்கார்ந்தபடியே கையை நீட்டிக் கபினி ஆற்று மணலில் பீடியைக் குத்தினான். அவன் அந்த ஆற்றங்கரை ஊரின் பரிசல்காரன். தங்கை மாதேவியும் அவள் புருஷன் சென்னப்பனும் மைசூரில் தேவராஜ மொஹல்லாவில் கேஸ் விளக்கு வாடகைக்கு விடுகிறவர்கள். இன்று சாயங்காலம் ஊரில் தெப்பம். சாமி முகத்துக்கு நேரே ஒரு விளக்குப் பிடிக்க ஒத்துக்கொண்டிருந்தார்கள். நஞ்சன்கூடு வரை ரயில், அப்புறம் மாட்டு வண்டி. மாதேவிக்கு இடுப்பு கழன்று கிடந்தது.

டப்பாவில் கீழே கார்பைடு கல், மேலே தண்ணீர், நடுவில் ஒரு திருகு. திருகைத் திறந்தால் தண்ணீர் சொட்டும், கல் பொங்கும், கேஸ் ரப்பர் குழாய் வழியாக விளக்குக்குப் போகும். சொட்டு மட்டாக விழுகிற வரை பயமில்லை.

மாதேவி திருகைக் கொஞ்சம் திறந்துவிட்டு, சவுக்காரத்தைக் கரைத்துக் குழாயின் மேல் தடவினாள்.

"பாத்தீங்களா? கொப்புளம் கொப்புளமா வருது. கசியுது."

"போன மாசமும் இதே குழாய்தான்," என்றான் சென்னப்பன்.

"போன மாசம் கல்யாணப் பந்தல். தீப்புடிச்சா டப்பாவை ஒதச்சுட்டு ஓடலாம். தெப்பத்துல இருந்து எங்க ஓடுவீங்க? நீச்சல் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுன்னு ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லு."

போன வருஷம் ஒரு ஊர்வலத்தில் இப்படித்தான் கேஸ் கசிந்து தீப்பிடித்தது. அவன் இடக்கைத் தோல் இன்னும் சுருங்கிப் பளபளத்தது. மாதேவி பையிலிருந்து சிவப்புக் குழாய் ஒன்றை எடுத்தாள்.

"இது ஏது?"

"கடையில எங்கயும் ரப்பர் இல்ல. எல்லாம் யுத்தத்துக்குப் போயிருச்சாம். பக்கத்து வீட்டு மெட்டில்டாக்காதான் கொடுத்தாங்க."

"அந்த நர்ஸம்மாவா? இது என்ன குழாய்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எனிமா குழாய்!"

ஜடையன் சிரித்த சிரிப்பில் பரிசல் ஆடியது. "மாப்ளே, சாமிக்கு வயித்து வலியா?"

"அண்ணா, நீங்க சும்மா இருங்க. புதுசுங்க இது. யாருக்கும் போட்டதில்ல."

"போட்டாலும் போடாட்டியும் பேரு அதுதானே? அதைச் சாமி மூஞ்சிக்கு முன்னால நீட்டறதா?" என்றான் சென்னப்பன்.

மாதேவி திருகை இறுக்க மூடினாள். மூடியும் சொட்டு நிற்கவில்லை. கழற்றிப் பார்த்தாள். சொட்டை அடைக்கிற தோல் வில்லை இருக்க வேண்டிய இடத்தில் நூல் சுற்றியிருந்தது.

"வில்லை எங்கீங்க?"

"எடுத்துட்டேன்."

"யாரு எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. செருப்பையே கரையில விட்டுட்டுத்தான் தெப்பத்துல ஏறறோம். செத்த மாட்டுத் தோலை ஏத்தலாமா? நெய்யில நனைச்ச நூலு அது. மாதேஸ்வரன் மலைக் கோயில் நெய்யி."

மாதேவி மணலில் உட்கார்ந்துவிட்டாள். நூல் ஊறினால் சொட்டு ஓட்டமாகும். கேஸ் ஒரே மூச்சாக வந்து இந்த வெடித்த குழாயைக் கிழிக்கும். அவனுக்கும் தெரிந்ததுதான். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"ஏனுங்க, போன வருஷம் உங்களுக்குச் சோறு ஊட்டினேன். புண்ணு கழுவினேன். ராத்திரி நீங்க கத்தினப்பல்லாம் எந்திரிச்சேன். இன்னொருக்கா என்னால ஆகாதுங்க."

"சாமி பாத்துக்கும்."

"பாத்துக்கட்டும். புண்ணை யாரு கழுவறது?"

தெப்பத்தில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. மாதேவியின் கண் அண்ணன் உட்கார்ந்திருந்த பரிசலில் போய் நின்றது.

"அண்ணா, இது எதுல கட்டினது?"

"மூங்கில்ல."

"மூங்கிலுக்கு மேல?"

"எருமைத்தோலு. தெரியாத மாதிரி கேக்கற?"

"தெப்பத்துக்குப் பக்கத்துல வருமா?"

"வருசா வருசம் கூடவே போறேன். யாராச்சும் ஆத்துல விழுந்தா தூக்கணுமில்ல."

"அப்பத் தோலு தோலோட போகட்டும். டப்பா, குழாய், விளக்கு எல்லாம் பரிசல்ல. தெப்பத்துல ஒண்ணும் ஏறவேண்டாம்."

"வெளிச்சம் எட்டாது," என்றான் சென்னப்பன்.

"எட்டற வரைக்கும் எட்டட்டும்."

"அடுத்த வருஷம் நம்மளைக் கூப்பிட மாட்டாங்க."

"போகட்டும்."

அவன் தன் இடக்கையைப் பார்த்தான். பிறகு மடியை அவிழ்த்து, வீசி எறிய மனமில்லாமல் முடிந்து வைத்திருந்த தோல் வில்லையை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"காஞ்சிருக்கு. ஊற வையி."

இருட்டுகிறதென்று யாரோ அப்போதுதான் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த சிம்னி விளக்கை எடுத்துப்போகச் சொன்னார்கள். சென்னப்பன் டப்பாவைத் திறந்து, கேஸ் காற்றோடு போகும்வரை எட்டி நின்றான். ஊறிய வில்லையைத் திருகில் பொருத்தி இறுக்கினான். பழைய குழாயைக் கழற்றிவிட்டு, சிவப்புக் குழாயின் வாயில் சவுக்காரத் தண்ணீர் தொட்டு டப்பாவின் கழுத்துவரை தள்ளினான். இரண்டு முனையிலும் மாதேவி கம்பி சுற்றி முறுக்கினாள். மறுபடி கேஸ் விட்டு நுரை தடவினார்கள். ஒரு கொப்புளம் இல்லை.

"இனி பீடி பத்தலாமா?"

"கரைக்குத் திரும்பி வந்து பத்துங்கண்ணா."

தெப்பம் நகர்ந்தது. மூவரும் ஏறிய பரிசல் பக்கத்தில் போனது. ஒரு மூங்கிலில் விளக்கைத் தூக்கிப் பிடித்துச் சென்னப்பன் நின்றான். பரிசல் தன்பாட்டுக்குச் சுற்றப் பார்த்தது. ஜடையன் துடுப்பால் அடக்கிக்கொண்டே இருந்தான். வெளிச்சம் சாமியின் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்தது.

"ஏனய்யா, சாமி பாதிதான் தெரியுது!" என்று கரையிலிருந்து யாரோ கன்னடத்தில் கத்தினார்கள்.

"மிச்சப் பாதி அடுத்த சுத்துல!" என்று கன்னடத்திலேயே பதில் கொடுத்தான் சென்னப்பன்.

சிலர் சிரித்தார்கள். பலர் முணுமுணுத்தார்கள். மாதேவி காதில் வாங்கவில்லை. அவள் சாமியையும் பார்க்கவில்லை. சுடரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது குதிக்காமல், சீறாமல், ஒரே மட்டமாக எரிந்தது. சுற்றிலும் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவளுக்குக் கையைத் தூக்கத் தெம்பில்லை. பழைய குழாயும் கையும் மடியில் அப்படியே கிடந்தன.