எர்சீலியா உடைத்த சுவர்

1

இந்தக் கதை ரொட்டிக்கடை வரிசையில் கிடைத்தது, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எனக்கு முன்னால் நின்ற எர்சீலியாவின் தலையெல்லாம் கல்தூள். "என்ன பாக்குறே? எழுதணும்னா எழுதிக்கோ. கதையில என்னை அழவெச்சேன்னா, உன் ஜன்னலை உடைப்பேன்" என்றாள்.

ஆகவே, 'எர்சீலியாவின் கண்கள் கலங்க...'

வேண்டாம்.

2

எங்கள் இத்தாலியக் கிராமம் பியெத்ராஸ்கூரா மலையுச்சியில் இருக்கிறது. எர்சீலியாவின் வாசலிலிருந்து தெருவுக்கு நாற்பத்து மூன்று படிகள். பக்கவாதம் வந்த பிறகு அவள் கணவன் தூயீலியோ இரண்டு வருடமாக வெளியே வரவில்லை. சமையலறையின் பின்சுவர் பாறை. அதைக் குடைந்தால் அந்தப் பக்கம் திராட்சைத் தோட்டத்துச் சமதளப் பாதை. அறுபத்தொரு வயதில் அவள் உளியை எடுத்தாள்.

(வாசகர் நம்புவாரா? அவளிடமே கேட்டேன். "வந்து ஒரு மணி நேரம் குடை, அப்புறம் நம்பு" என்றாள். குடைந்தேன். நம்பினேன்.)

3

ஐந்தாவது மாதம் உளி வெற்றிடத்துக்குள் போய் விழுந்தது. டார்ச் அடித்தால், ஓர் அறை. இரண்டு கல் கட்டில்கள். சுவரில் செவ்வண்ணத்தில் ஆடும் மனிதர்கள். ரோமானியருக்கும் முன்பு இங்கே வாழ்ந்த எத்ருஸ்கரின் கல்லறை.

(இங்கே பாதிப் பேர் கல்லறைக்குள்தான் ஒயின் பீப்பாய் வைத்திருக்கிறோம். ஓவியம் இருப்பதுதான் வில்லங்கம். அரசாங்கம் அறையை மூடி முத்திரை வைத்துவிடும்.)

"அடைச்சிடு எர்சீ. நான் இப்படியே இருந்துடறேன்" என்றான் தூயீலியோ.

"நீ இருந்துடுவே. இன்னும் எத்தனை வருஷம் உன் மூஞ்சியையே பாத்துட்டு கெடக்கறது?"

அவன் சிரித்துவிட்டான். அவளோ மண் மூடிக் கிடந்த எதிர்ப்புற வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொணத்தைத் தூக்கிட்டு வந்த வழிதானே? மண்ணை எடுத்துட்டா தோட்டத்துல போய் நிக்கும்."

ஓவியத்தில் தூசி படாமல் போர்வைகளைத் தொங்கவிட்டு ஒன்பது நாள் மண் அள்ளினாள். வாளி சுமந்தவன் நான்.

4

ஞாயிறு காலை சக்கர நாற்காலியை உள்ளே தள்ளினாள். "நிறுத்து" என்றான் தூயீலியோ. ஓவியத்தில் குழல் ஊதுபவனை உற்றுப் பார்த்தான். "அப்படியே உங்கண்ணன்! அதே தொப்பை."

வெளியே வெயில் முகத்தில் பட்டதும் இரண்டு தும்மல் போட்டான். எர்சீலியா அழவில்லை. என்னைப் பற்றிக் கேட்காதீர்கள்.

அன்றைய வெயில் போதுமென்று நானாக ஒரு முடிவு எழுதினேன்: கல்லறையைப் பற்றி அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. "நான் என்ன திருடியா?" என்று எர்சீலியா அந்தத் தாளைக் கிழித்துப்போட்டு, மறுநாளே தொல்லியல் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். "வந்து பாருங்க. வழியை மட்டும் அடைக்க விடமாட்டேன்."

அதிகாரி அனுமதி தருவதாகவும் எழுதிப் பார்த்தேன். "சர்க்கார்ல இவ்வளவு நல்லவன் எவன்டா?" என்றாள்.

5

செவ்வாய்க்கிழமை வந்த அதிகாரி ஒரு பெண். அரை மணி நேரம் ஓவியத்தை விட்டு நகரவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து முத்திரை நாடாவை எடுத்தார்.

எர்சீலியா சமையலறை நாற்காலியைக் கொண்டுவந்து வழியின் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் தூயீலியோ, வெளியே போகத் தொப்பி மாட்டிக்கொண்டு.

"நீங்களே சொல்லுங்கம்மா. இவரு எந்த வழியா வெளிய போகணும்?"

அதிகாரி வாயைத் திறந்து...

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. நாடா இப்போது உங்கள் கையில். எர்சீலியா எழுந்திருக்க மாட்டாள். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.