பார்க்காமல் எழுதிய ஏழு

முதலிபாளையத்துச் சாயப்பட்டறை ஒன்றில் பதினோரு வருஷமாக லேப் என் பொறுப்பு. பெயர் ஆரோக்கியராஜ், ஊர் தூத்துக்குடிப் பக்கம், படிப்பு பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, வாய் கொஞ்சம் நீளம். அதனாலேயே என்னோடு யாரும் டீக்கு வருவதில்லை. மெஷின் ஆபரேட்டர் சோணைமுத்து மட்டும் வருவான். என்னைவிட இரண்டு வயது இளையவன். வேலம்பாளையத்தில் இருவருக்கும் ஒரே அறை.

உப்பு என்றாலே நடுநிலை என்று நினைக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

"ஏல, உப்புக்கும் அப்பன் ஆத்தா உண்டு. ஆசிட் அப்பன், காரம் ஆத்தா. ரெண்டு பேரும் பலசாலின்னா பிள்ளை நடுநிலை. அப்பன் சோப்ளாங்கின்னா ஆத்தா பக்கம் சாயும். சலவைச் சோடா அப்படித்தான், காரம். ஆத்தா நோஞ்சான்னா அப்பன் பக்கம். அம்மோனியம் சல்பேட் அப்படி."

"நீங்க யாரு பக்கம்ணே?" என்று சிரிப்பான்.

இரண்டாயிரத்து எட்டில் எங்கள் பட்டறையிலும் கழிவுநீரைக் காய்ச்சி, அதிலிருந்து எடுத்த உப்பையே மறுபடி சாயத்துக்குப் போட ஆரம்பித்தோம். ஒவ்வொரு தடவையும் அந்த உப்பைக் கரைத்து, பிஹெச் பேப்பரை முக்கி, நிறம் பார்த்து அட்டையில் எண் எழுத வேண்டியது நான். ஏழு என்றால் நடுநிலை, அதற்கு மேலே காரம்.

அன்றைக்கு மூட்டையில் இருந்த பெயரைப் பார்த்தேன். சோடியம் சல்பேட். அப்பனும் பலசாலி, ஆத்தாளும் பலசாலி. இதில் பார்க்க என்ன இருக்கிறது? பேப்பரைத் தொடாமலே ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அறுநூறு கிலோ மயில்நீலத் துணி திட்டுத்திட்டாக வெளியே வந்தது. காரம் பட்டால்தான் அந்தச் சாயம் துணியைப் பிடிக்கும். அதனால் சோடாவைக் கடைசியில்தான், கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். உப்பிலேயே காரம் இருந்தால் முதலிலேயே கண்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும். ஓடிப்போய் மிச்ச உப்பைக் கரைத்துப் பேப்பரை முக்கினேன். பத்து. கழிவுநீரில் கிடந்த சோடாவும் உப்போடு சேர்ந்து காய்ந்திருக்கிறது. படித்த முட்டாள் எனக்கு இது தெரியாதா? தெரியும். திமிர்.

டையிங் மாஸ்டர் சாமியப்பன் வந்தார். "ஏனுங்க, உப்புல ஏதாச்சும் கோளாறுங்களா?"

அட்டையை நீட்டினேன். "ஏழு சார்."

"அப்ப சோணைமுத்து சோடாவ முன்னாலயே உட்டுப்போட்டானாட்ட இருக்குதுங்க."

சோணைமுத்து பக்கத்தில்தான் நின்றான். என்னைப் பார்த்தான். நான் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நான் அறைக்குப் போவதற்குள் பையை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பியிருந்தான்.

தனியாக இருப்பது எனக்குப் பழக்கம் என்று பீற்றிக்கொண்டவன் நான். பழக்கமாவது மண்ணாவது! ஒரு வாரம் என்னோடு பேசியது பரோட்டாக் கடைக்காரர் மட்டும்தான், அதுவும் "சால்னா போடட்டுங்களா?" என்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலிட்டேன், ஜெபம் வரவில்லை. அறைக்கு வந்து அழுதேன்.

திங்கட்கிழமை சாமியப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அவனை வரச் சொல்லுங்க. உங்களை என்ன பண்றதுன்னு முதலாளிதான் சொல்லோணுங்க."

உடனே செல்லில் கூப்பிட்டேன். "சோணை, தப்பு என்னோடதுதாம்ல. சொல்லிட்டேன். நீ வா."

"தெரியும்ணே. துணி வந்ததுமே மிச்ச உப்புல பேப்பரை முக்கிப் பாத்துட்டேன்."

"பெறகு ஏம்ல மாஸ்டர்ட்ட சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேன்."

"வந்துருவேல்லா?" என்றேன்.

"வேலைக்கு வர்றேன்ணே," என்றான். "ரூமு வேற பாத்துக்கிறேன்."