வண்டி ஏறாத கேக்

மின்விசிறியை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, கதவுக்கு அடியில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி அடைத்துவிட்டுத்தான் கேக் முன்னால் உட்கார்ந்தாள் கடுகு. கடுகு என்பது பட்டப்பெயர். ஆள் சின்னது, சூடு பட்டால் வெடிப்பாள் என்று சின்ன வயதில் அண்ணன் வைத்தது. வைத்த நாளிலிருந்து அவளும் அந்தப் பேரைக் காப்பாற்றித்தான் வந்திருக்கிறாள். கையில் பட்டர் பேப்பர் கூம்பு. அதன் நுனியில் இருப்பதிலேயே பொடி நாசில், தலைமுடி நுழைந்தால் அதிகம். உள்ளே முட்டை வெள்ளைக்கருவில் அடித்த ஐசிங். சர்க்கரைத் தூளைச் சல்லடையில் சலித்தது போதாதென்று நைலான் துணியில் போட்டு மறுபடியும் சலித்திருந்தாள். ஒரே ஒரு துகள் அடைத்துக்கொண்டால் போதும், நாசில் முரண்டு பிடித்துக்கொண்டு நின்றுவிடும்.

கேக்கின் அடியில் சுற்றிலும் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு விளிம்பு இருந்தது. அதையும் ஐசிங்கால்தான் கட்டியிருந்தாள், ஒரு கோடு போட்டு, காயவிட்டு, அதன்மேல் அடுத்த கோடு என்று. இப்போது கேக்கின் இடுப்பில் நாசிலைத் தொட்டு, அழுத்திக்கொண்டே இழுத்தால் ஐசிங் நூலாகக் காற்றில் தொங்கும். அந்த நூலைக் கீழே கொண்டுவந்து விளிம்பில் ஒட்டவேண்டும். பக்கத்திலேயே அடுத்தது. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு நூலுக்கு இடம் இருக்கக்கூடாது, ஒன்றை ஒன்று தொடவும் கூடாது. நான்கு பக்கமும் முடித்துவிட்டால் கேக்குக்கு வெள்ளைத் திரை கட்டினது போல இருக்கும். திரைக்குப் பின்னால் வெறும் காற்று. கிட்டே நின்று தும்மினால் போச்சு.

ஃபோன் அடித்தது. கை நிற்கவில்லை. நூலைக் கொண்டுபோய் ஒட்டி, அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டு, அப்புறம்தான் சுண்டுவிரலால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"என்ன கடுகு, கேக் ஆச்சா?" அண்ணன்தான்.

"ஆயிட்டே இருக்கு."

"நாளைக்குக் காலைல வண்டி அனுப்பறேன். பத்திரமா வச்சுக்கிட்டு நீயும் ஏறி வந்துடு. பின்பக்கமா வா, என்ன? முன்னாடி ஹால்ல ஆளுங்க இருப்பாங்க."

"வண்டி வேணாம்ணா. கேக் வராது."

"வராதுன்னா?"

"வண்டில ஏத்தினா உடைஞ்சுடும். அந்த மாதிரி வேலை இது. அம்மாவும் அப்பாவும் இங்க வந்து வெட்டட்டும். நீயும் வா, அண்ணியையும் கூட்டிட்டு வா."

கூம்பின் நுனி காயாமல் இருக்க, ஈரத்துணியில் ஒற்றிக்கொண்டாள்.

"வண்டில போகாதுன்னு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சே செஞ்சியா?"

"தெரிஞ்சுதான் செஞ்சேன்."

வைத்துவிட்டான். கடுகு அடுத்த நூலை இழுத்தாள். அது கொஞ்சம் ஆடித்தான் இறங்கியது.

விஷயம் இதுதான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணமாகி ஐம்பது வருஷம். அண்ணன் வீட்டில் விருந்து, சொந்தபந்தம் எல்லாம் வருகிறது. அந்த சொந்தபந்தத்தில் பாதிப் பேரைப் பொறுத்தவரை கடுகின் புருஷன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். கடுகு அவரை விட்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆள் வெளிநாடெல்லாம் ஒன்றும் போகவில்லை, இதே ஊரில் மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறார், காய்கறி வாங்கும்போது எதிரில் வந்தால் செல்ஃபோனைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போவார்.

கடுகுக்குக் கேக் ஒரு கை என்றால் லேஸ் இன்னொரு கை. உருண்டைத் தலையணை ஒன்றின் மேல் புள்ளி வைத்த அட்டையை வைத்து, புள்ளிக்குப் புள்ளி குண்டூசி குத்தி, மரக்குச்சிகளில் சுற்றிய நூலை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டுப் பின்னுகிற லேஸ். பின்னி முடிக்கிறவரை அதை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது அந்தக் குண்டூசிகள் மட்டும்தான். ஒரு நாள் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் புருஷன் அத்தனை குண்டூசியையும் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டு, "விளையாடினது போதும், போய் ஆகவேண்டிய வேலையைப் பாரு" என்றார். பல மாத வேலை, கையில் எடுத்தபோது கொசகொசவென்று ஒரு நூல் குப்பை. அதற்கு முந்தின கதைகளை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இதை மட்டும் சொன்னாள். அது தப்பாகப் போயிற்று. "குண்டூசிக்காகவா ஒருத்தி வீட்டை விட்டு வருவா?" என்று அண்ணன் கேட்டான். அண்ணி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை, ஆனால் வாயையும் திறக்கவில்லை. கடுகு டெய்லர் அக்காவின் தையல் கடைக்கு மேலே இந்த ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்ததும் அண்ணன் கூடத்தில் நின்று, "திரும்பிப் புருஷன் வீட்டுக்குப் போறவரைக்கும் எங்க வீட்ல இருந்து ஒருத்தரும் அந்தப் படி ஏற மாட்டோம்" என்று எல்லோருக்கும் சேர்த்து முடிவு சொன்னான்.

அதிலிருந்து போகிறவள் அவள்தான். பிறந்த நாளா, கடுகு போவாள். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லையா, கடுகு போவாள். போகும்போதெல்லாம் மடியில் ஒரு கேக் பெட்டி. போன முறை பெரியம்மா, ஊர் வாயையெல்லாம் தன் வாயில் வைத்திருக்கிறவள், கேக்கைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, எந்தக் கடைடா இது?" என்று கேட்டாள். கடுகு அடுக்களையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் குரல் தெளிவாகக் கேட்டது. "டவுன்ல ஒரு பெரிய கடை பெரியம்மா. ஆர்டர் குடுத்து செஞ்சது." கையிலிருந்த தட்டை அவள் ரொம்ப நேரம் துடைத்தாள். அன்று வீட்டுக்குத் திரும்பியதும் முதலில் தோன்றியது, இனிமேல் கேக் கிடையாது என்பதுதான். அப்புறம் யோசித்துப் பார்த்தாள். செய்யாமல் இருந்தால் அவர்களுக்கு என்ன நஷ்டம், நிஜமாகவே கடையில் வாங்கிக்கொள்வார்கள். செய்யவேண்டும். இதுவரை செய்ததிலேயே பெரிதாகச் செய்யவேண்டும். ஆனால் அது இங்கேயிருந்து நகரக்கூடாது.

இத்தனைக்கும் வருவார்கள் என்று எந்த நம்பிக்கையும் இல்லை. வராவிட்டால்? வராவிட்டால் அம்மா அப்பாவுடைய ஐம்பதாவது வருஷத்தில் தான் இல்லை என்று ஆகிவிடும். அதுவும் தானே செய்துகொண்ட வேலையாக இருக்கும். அதை நினைக்கும்போது மட்டும் கூம்பு கனத்தது.

காலையில் டெய்லர் அக்கா டீயைக் கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "நான் உள்ள வரலாமா, இல்ல இங்கயே நின்னு மூச்சு விடட்டுமா?"

"மூச்சைக் கீழ விட்டுட்டு வாங்கக்கா."

அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள். மேற்பரப்பில் கடுகு தன் லேஸ் டிசைன் ஒன்றையே சர்க்கரையில் எழுதியிருந்தாள், இலைகளும் நடுவில் வலைப்பின்னலுமாக. கீழே நான்கு பக்கமும் அந்தத் திரை.

"பாவி, இதை எப்படிடி வெட்டுவாங்க?"

"அவங்க வந்தா வெட்டுவாங்க."

"வரலன்னா?"

"நீங்களும் நானும் வெட்டுவோம். உங்க வீட்டுக்காரருக்கும் ஒரு துண்டு."

"அந்தாளுக்குச் சர்க்கரை வியாதி. நீ உங்க அண்ணனையே வரவழைச்சுக்கோ."

அண்ணன் வந்தான். அது அவள் எதிர்பார்க்காதது. படி ஏறி, கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, அறையை ஒரு சுற்றுப் பார்த்தான். கட்டில், ஓவன், ஜன்னலோரம் லேஸ் தலையணை, அதில் குச்சிகள் வரிசையாக. மூன்று வருஷத்தில் முதல் தடவை. கேக்கைப் பார்த்ததும் அவன் முகத்தில் என்னவோ ஒன்று வந்துவிட்டுப் போனது. அது வந்ததைக் கடுகு பார்த்துவிட்டாள்.

"நானே ஓட்டிட்டுப் போறேன். மாட்டுவண்டி வேகத்துல போறேன், போதுமா? அங்க எல்லாரும் வர ஆரம்பிச்சுட்டாங்க."

"தூக்கினாலே உடையும்ணா."

"எல்லாத்துக்கும் ஒரு பயமுறுத்தல்."

"பயமுறுத்தல. சொல்றேன். தொடாதே."

அவன் குனிந்து, கேக்கைத் தாங்கியிருந்த அட்டைப் போர்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்தான். அவள் தடுத்திருக்கலாம். ஓர் அடி எடுத்து வைத்தால் அவன் கையைப் பிடித்திருக்கலாம். அவள் கைகட்டி நின்றாள். சொல்லியாயிற்று, இரண்டு தடவை சொல்லியாயிற்று. கனமான கேக். போர்டின் நடுப்பகுதி கொஞ்சமே கொஞ்சம் வளைந்தது. கண்ணுக்கே தெரியாத வளைவு. சத்தமும் பெரிதாக இல்லை, மணலைத் தாளில் கொட்டினது போல ஒரு சரசரப்பு. அவன் பக்கம் இருந்த திரை முழுக்க இறங்கிப் போர்டின் மேல் வெள்ளைத் துணுக்குகளாகக் கிடந்தது.

அண்ணன் கேக்கை வைத்துவிட்டான். வைத்த பிறகும் கையை எடுக்கத் தெரியாமல் அப்படியே நின்றான். வெடிப்பாள் என்று காத்திருந்தான் போல. கடுகு வெடிக்கவில்லை.

"மூணு பக்கம் இருக்கு," என்றாள். "அம்மாவைக் கூட்டிட்டு வா."

"நான் கடைல ஒண்ணு வாங்கிக்கறேன்."

"வாங்கிக்கோ. இந்தத் தடவையாவது கடைன்னு சொன்னா பொய்யா இருக்காது."

அவன் காது சிவந்துவிட்டது. படியிறங்கிப் போனான். கீழே வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் அவள் கட்டியிருந்த கையைப் பிரித்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். ஐசிங் மிச்சம் இருக்கிறது. விட்டுப்போன பக்கத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சாதாரண பூ நாலு போட்டு மறைத்துவிடலாம், கேக் செய்கிற யாருக்கும் இது தெரிந்த வேலைதான். அவள் மறைக்கவில்லை. எழுந்துபோய், கேக்குக்கு அடியிலிருந்த சுழல்பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, உடைந்த பக்கத்தை நேராக வாசலைப் பார்க்க வைத்தாள். அப்புறம் அம்மாவுக்கு ஃபோன் போட்டாள்.

"அம்மா, கேக் இங்க இருக்கு. நீயும் அப்பாவும் வாங்க."

"அண்ணன் என்னடி சொல்றான்?" பின்னால் ஒரே இரைச்சல், பெரியம்மாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

"அண்ணனைக் கேக்காதம்மா. கல்யாணம் உனக்கா ஆச்சு, அவனுக்கா ஆச்சு?"

"வந்தவங்கள்லாம் உட்கார்ந்திருக்காங்க. எப்படி எழுந்து வர்றது?"

"எழுந்துதான் வரணும். மூணு வருஷமா நான் எப்படி வந்தேன்?"

இரைச்சலுக்கு நடுவே அம்மா, "சரி வை" என்றாள். சரி என்றால் வருகிறேன் என்றா, வரமாட்டேன் போ என்றா? அம்மாவின் "சரி"க்கு அர்த்தம் கண்டுபிடிக்க அப்பாவுக்கே ஐம்பது வருஷம் போதவில்லை.

கடுகு லேஸ் தலையணைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். வேறு என்ன செய்ய. இடது ஜோடியை வலதின் மேல் போட்டு, குண்டூசி குத்தி, மறுபடி மூடினாள். ஒரு வரிசை முடிந்தது. இன்னொன்று. மூன்றாவதில் ஒரு ஜோடி தப்பாகப் போயிருந்ததைக் கொஞ்சம் தாண்டித்தான் கவனித்தாள். இந்த வேலையில் தப்பை இழுத்துப் பிடித்துச் சரிக்கட்ட முடியாது, அது எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடம்வரை பிரித்துக்கொண்டே போகவேண்டும். குண்டூசியைக் கழற்றி, குச்சிகளைத் திருப்பி, பொறுமையாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது கீழே வண்டி வந்து நின்றது. அவள் தலையைத் தூக்கவில்லை. டெய்லர் அக்காவின் குரல்தான் முதலில் ஏறி வந்தது. "பார்த்து வாங்கம்மா, நாலாவது படி கொஞ்சம் உயரம். ஐயா, நீங்க என் தோளைப் பிடிச்சுக்கோங்க. வெட்கப்படாதீங்க, எனக்கும் கல்யாணம் ஆயிடுச்சு."

வாசலில் அம்மா. விருந்துக்குக் கட்டின பட்டுச்சேலையோடு, மூச்சு வாங்கிக்கொண்டு. அவள் பார்வை நேரே உடைந்த பக்கத்துக்குப் போனது.

"இது என்னடி?"

"அண்ணன் தூக்கினான்."

"தூக்கக்கூடாதுன்னு நீ சொல்லலையா?"

"சொன்னேன்மா. கேக்கல."

அம்மா கிட்டே வந்தாள். சுற்றிப்போய் மற்ற மூன்று பக்கத்தையும் பார்த்தாள். அவளை அறியாமலே முந்தானை மூக்குக்குப் போயிருந்தது. பின்னாலேயே அப்பா, அவருக்குப் பின்னால், சும்மா இருக்க முடியாத பெரியம்மா. பெரியம்மா வாயைத் திறந்தது திறந்தபடி கேக்கைப் பார்த்தாள்.

"நீயா பண்ணினே? அன்னிக்கு வீட்ல வெட்டினது?"

"அதுவும் நான்தான் பெரியம்மா."

"கடைன்னானே!" அறையை ஒரு தடவை கண்ணால் பெருக்கினாள். ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். அவள் எதையும் தவறவிடுகிற ஆள் இல்லை. "நீ மட்டுமா இங்க இருக்கே? மாப்பிள்ளை எந்த நாட்டுல இருக்காருன்னு சொன்னாங்க?"

அம்மாவின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது. அப்பா ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடினார்.

"இந்த நாடுதான் பெரியம்மா," என்றாள் கடுகு. "மூணு தெரு தள்ளி. நான்தான் விட்டுட்டு வந்துட்டேன்."

பெரியம்மா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா மெல்ல ஜன்னல்பக்கம் போய் லேஸ் தலையணை முன்னால் நின்றாள். குண்டூசிகளைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றின்மேலும் படாமல் குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது யாருக்குடி செய்யறே?"

"எனக்கு."

"ம்," என்றாள் அம்மா. அப்புறம் திரும்பி அப்பாவிடம், "உட்காருங்க. நின்னுக்கிட்டே வெட்டப் போறீங்களா?" என்றாள்.

அறையில் ஒரே நாற்காலி. கீழே கடைக்குத் திரும்பிவிட்ட டெய்லர் அக்காவிடம் ரெண்டு ஸ்டூல் கேட்கலாம் என்று கடுகு வெளியே வந்தாள். படியில் செருப்புகள். கதவுப்பக்கம் ஒரு ஜோடிக்குத்தான் இடம், அதில் அம்மாவுடையது. ஒரு படி கீழே பெரியம்மாவின் குதிகால் செருப்பு, ஒன்று சாய்ந்து கிடந்தது. மூச்சு வாங்க நின்ற இடத்திலேயே அப்பா தன்னுடையதைக் கழற்றி விட்டிருந்தார், நடுப்படியில். அதற்குக் கீழே படிகள் காலியாக இருந்தன. கடைசிப் படியில், பக்கவாட்டில் திரும்பி அண்ணன் உட்கார்ந்திருந்தான். வண்டிச் சாவியை வாயில் கவ்விக்கொண்டு, குனிந்து, ஷூக் கயிற்றில் இரண்டு கையையும் வைத்திருந்தான். அவிழ்க்கிறானா இறுக்குகிறானா, மேலே இருந்து பார்க்கத் தெரியவில்லை.